நெல்லை டவுன் ரத வீதிகளில் எங்கே சாப்பிடுவது, என்ன வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிக்கு வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்ட வாக்கிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். விலை மாதத்துக்கு மாதம் மாறுவதால் விலைப் பட்டியல் கிடையாது. எதைப் பார்த்து வாங்குவது, எப்போது போவது என்பதுதான் இங்கே விஷயம்.

டவுன், ஜங்ஷன், பாளை மூணும் ஒண்ணுதானே? எங்க இறங்கணும்?

மூன்றும் ஒரே மாநகராட்சி, ஆனால் மூன்று ஊர்கள். ரயில் நிலையமும் பெரியார் பேருந்து நிலையமும் இருப்பது ஜங்ஷன். நெல்லையப்பர் கோயிலும் அதைச் சுற்றிய கடைத்தெருவும் டவுன். தாமிரபரணிக்குக் கிழக்கே இருப்பது பாளையங்கோட்டை. வெளியூர்ப் பேருந்துகள் பெரும்பாலும் வேய்ந்தான்குளம் புதிய பேருந்து நிலையத்துக்குப் போகும். அது டவுனிலிருந்து தள்ளி, பாளைப் பக்கம் இருக்கிறது.

ஜங்ஷனிலிருந்து டவுனுக்கு நகரப் பேருந்து வந்துகொண்டே இருக்கும். ஈரடுக்கு மேம்பாலம் ஏறி இறங்கினால் டவுன் பக்கம். 1973-ல் திறந்த பாலம் அது. "டவுன் ஆர்ச்" என்று கேட்டு இறங்கி நடந்தால் நேரே கோயில் வாசல். சொந்தக் காரில் வருகிறவர்கள் ரத வீதிக்குள் ஓட்டிக்கொண்டு போகாமல் வெளியிலேயே நிறுத்திவிட்டு நடப்பது நல்லது. சாயங்காலம் 5 மணிக்கு மேல் கீழ ரத வீதியில் கார் நகராது, நிறுத்தவும் இடம் கிடைக்காது.

ரத வீதின்னா எது எது? எங்கிருந்து ஆரம்பிச்சு நடக்கிறது?

கோயிலைச் சுற்றித் தேர் ஓடும் நாலு தெருக்கள்: கீழ, தெற்கு, மேல, வடக்கு ரத வீதிகள். தெருமுனைக்கு இங்கே "முக்கு" என்று பெயர். வாகையடி முக்கு, சந்திப்பிள்ளையார் முக்கு என்றுதான் ஆட்டோக்காரரிடம் சொல்ல வேண்டும். கதவு எண் சொன்னால் விழிப்பார்.

சுவாமி சன்னதியில் தொடங்கி நாலு வீதியும் சும்மா நடந்தால் முக்கால் மணி நேரம். கடை ஏறி இறங்கினால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த நேரத்துக்குப் போனா எல்லாம் கிடைக்கும்?

எல்லாம் கிடைக்கும் ஒரு நேரம் இல்லை. டவுனில் கடை எங்கே என்பதைவிட எத்தனை மணிக்கு என்பதுதான் பெரிய கேள்வி. காலை 6 முதல் 9 வரை டிபனும் காப்பியும், பருவம் இருந்தால் பதநீரும். 10 மணிக்கு மேல் துணி, பாத்திரம், நகை. மதியம் வெயில் கொளுத்தும், கோயில் நடையும் சாத்தியிருக்கும். மாலை 4 மணிக்கு நடை திறந்தபின் தெரு மறுபடி உயிர் பெறும். 5 மணிக்கு மேல் அல்வா, காராச்சேவு, பஜ்ஜி. இருட்டியபின் பரோட்டா, அதுவும் ரத வீதிக்கு வெளியே.

ஒரே ஒரு தடவைதான் வர முடியும் என்றால் பிற்பகல் 3:30-க்கு வாருங்கள். முதலில் துணியும் பாத்திரமும், பிறகு கோயில், கடைசியில் அல்வா. அல்வாவை முதலில் வாங்கிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு சேலை பார்க்கப் போகிறவர்கள் நெய் கசிந்த பையோடு திரும்புகிறார்கள்.

காலை டிபனுக்கு நல்ல ஓட்டல் எது?

பெயர்ப் பலகையைவிட இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். தேங்காய்ச் சட்னி தண்ணீர் பிரியாமல் இருக்க வேண்டும். பிரிந்திருந்தால் அரைத்து நேரமாகிவிட்டது, அல்லது பொட்டுக்கடலை குறைவு. அடுத்தது சாம்பார்: பருப்பு அடியிலும் தெளிவு மேலுமாக நின்றால் வாளியில் வெகுநேரம் கிடந்தது.

ரத வீதிகளிலும் சன்னதித் தெருக்களிலும் சைவச் சாப்பாட்டுக் கடைகள்தான் அதிகம். இட்லி, பொங்கல், உளுந்த வடை 9 மணி வரை சூடாக வரும். 10 மணிக்குப் போய் "பொங்கல் இல்லையா" என்று கேட்பதில் பயனில்லை.

திருநெல்வேலி சொதி எந்த ஓட்டல்ல கிடைக்கும்?

சொதி என்பது தேங்காய்ப் பாலில் காய்கறி போட்டு வைக்கும் குழம்பு. இது வீட்டுச் சாப்பாடு, அதுவும் விசேஷ வீட்டுச் சாப்பாடு. கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்குப் போடுவது. சில ஓட்டல்களில் வாரத்தில் ஒரு நாள் வைக்கிறார்கள், பெரும்பாலும் ஞாயிறு மதியம். முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்கு மேல் வருகிறீர்கள் என்றால் சமையல்காரரிடம் சொல்லிவைத்துச் செய்யச் சொல்வதுதான் நிச்சயம்.

வீட்டில் வைக்க: நாலு பேருக்குப் பெரிய தேங்காய் ஒன்று. வெதுவெதுப்பான நீர் விட்டு அரைத்து மூன்று பால் எடுத்துத் தனித்தனியாக வையுங்கள். 50 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்கள். உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி, சின்ன வெங்காயம், பூண்டு ஆகியவற்றை மூன்றாம், இரண்டாம் பாலில் வேகவைத்து, இஞ்சியும் பச்சை மிளகாயும் அரைத்து ஊற்றி, பருப்பைச் சேருங்கள். மிளகாய்த்தூள், புளி கிடையாது. தீயை நன்றாகக் குறைத்தபின் முதல் பால். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு இறக்கிச் சூடு தணிந்தபின்தான். அடுப்பிலேயே பிழிந்து பானையைக் கெடுத்தவர்கள் ஏராளம். கூட இஞ்சிப் பச்சடி கட்டாயம். இத்தனை தேங்காய்ப் பாலும் செரிக்க வேண்டாமா? உருளைக்கிழங்குக் காரக்கறியும் அப்பளமும் இருந்தால் வேறெதுவும் தேவையில்லை.

இருட்டுக்கடை எத்தனை மணிக்குத் திறப்பாங்க? போர்டே இல்லையாமே?

கீழ ரத வீதியில், கோயிலுக்கு எதிரே. மாலை 5 மணியை ஒட்டித் திறப்பார்கள், சரக்குத் தீர்ந்ததும் மூடுவார்கள், பல நாள் சில மணி நேரத்திலேயே. ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம் தொடங்கிய அல்வாக் கடை. ஒற்றைக் குண்டு பல்பு வெளிச்சத்தில் விற்றதால் ஊர் வைத்த பெயர் இருட்டுக்கடை. பலகையைத் தேட வேண்டாம், வரிசையைத் தேடுங்கள்.

வரிசையில் நிற்கும்போதே எத்தனை பொட்டலம், எத்தனை கிலோ என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வேகமாக நிறுத்துக் கொடுப்பார்கள். அங்கே நின்று வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்டால் பின்னால் நிற்பவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் இந்த வரிசை தெருவை வளைத்துவிடும். அந்த வாரம் அடுத்த பதிலைப் படித்துவிட்டு வேறு கடைக்குப் போங்கள்.

அங்க வாங்கலைன்னா வேற கடை அல்வா நல்லா இருக்காதா? ஒரே பேர்ல பத்துக் கடை இருக்கே, எது ஒரிஜினல்?

டவுனிலும் ஜங்ஷனிலும் நல்ல அல்வா போடும் கடைகள் வேறும் உண்டு. ஜங்ஷன் பேருந்து நிலையத்தைச் சுற்றி, புகழ்பெற்ற ஒரு பெயருக்கு முன்னும் பின்னும் ஓர் எழுத்து ஒட்டிய பலகைகளும் உண்டு. பெயரைப் பிடித்துக்கொண்டு திண்டாடுவதைவிட அல்வாவைப் பார்க்கத் தெரிந்துகொள்வது மேல்.

சம்பா கோதுமையை இரவெல்லாம் ஊறவைத்து, அரைத்து, பிழிந்து பால் எடுத்துத் தெளியவைப்பார்கள். மேலே நிற்கும் புளித்த நீரை இறுத்துவிட்டு, அடியில் தங்கிய கெட்டிப் பாலைச் சர்க்கரைப் பாகில் ஊற்றி, நெய்யைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மணிக்கணக்கில் கிண்டுவார்கள். சட்டியில் ஒட்டாமல் சுருண்டு, குடித்த நெய்யையே திரும்பக் கக்கும்போது பதம். கோதுமை ஒரு பங்குக்குச் சர்க்கரை இரண்டு முதல் மூன்று பங்கு, நெய் ஒரு பங்குக்குக் குறையாமல்.

50 கிராம் இலையில் வாங்கிப் பாருங்கள். ஓரம் கண்ணாடி போல ஒளியை விட வேண்டும். விரலால் அழுத்தினால் நெய் மினுங்க வேண்டும், மாவு ஒட்டக் கூடாது. வாயில் போட்டதும் வழுக்கி இறங்க வேண்டும். ரப்பர் மாதிரி பல்லில் துள்ளினால் அது சோளமாவு. தின்று முடித்தபின் மேலண்ணத்தில் மெழுகு தடவியது போல ஒரு படலம் நின்றால் வனஸ்பதி, ஏனென்றால் அது வாயின் சூட்டில் முழுதாக உருகாது. விரலில் ஆரஞ்சு நிறம் ஒட்டினால் கலர்ப்பொடி. நல்ல அல்வாவின் பழுப்பு, சர்க்கரையும் கோதுமைப் பாலும் நெய்யில் வெந்து வரும் நிறம்.

தாமிரபரணித் தண்ணிதான் ருசிக்குக் காரணமாமே?

ஊர்க்காரர்கள் சத்தியம் செய்வார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஊறவைப்பது, அரைப்பது, பால் எடுப்பது எல்லாம் தண்ணீரில் நடக்கிற வேலை. உப்புக் கரிக்கும் நீராக இருந்தால் அல்வாவில் தெரிந்துவிடும். ஆனால் நெய்யைக் குறைத்து அரைமணியில் இறக்கிய அல்வாவை எந்த ஆற்றுத் தண்ணீரும் காப்பாற்றாது.

அல்வா சாப்பிட்டதும் எல்லாரும் மிக்சர் வாங்குறாங்களே, ஏன்?

திகட்டும், அதனால்தான். கையில் நூறு கிராம் அல்வா, அதன்மேல் ஒரு பிடி மிக்சர் அல்லது காராச்சேவு. காராச்சேவில் மிளகும் பூண்டும் தெரிய வேண்டும். உடைத்தால் நொறுங்க வேண்டும், வளைந்தால் நமுத்துப்போனது. மோந்து பார்த்துப் பழைய எண்ணெய் வாடை வந்தால் பக்கத்துக் கடைக்கு நகருங்கள்.

அல்வா எத்தனை நாள் தாங்கும்? பிரிட்ஜ்ல வைக்கலாமா?

வெளியிலேயே ஒரு வாரம், பத்து நாள் தாங்கும். ஈரக் கரண்டி பட்டால் மூன்றே நாளில் பூசணம் பூக்கும். பிரிட்ஜில் வைத்தால் கெடாது, ஆனால் நெய் உறைந்து செங்கல்லாகும். அப்போது கிண்ணத்தோடு கொதிநீர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் வைத்தால் பழைய நிலைக்கு வரும். நேராக அடுப்பில் வைத்தால் அடி பிடித்துச் சர்க்கரை கசந்துவிடும்.

சுடச்சுட நிறுத்ததை வாங்கி உடனே பிளாஸ்டிக் டப்பாவில் மூடாதீர்கள். ஆவி மூடியில் வேர்த்து அல்வாமேல் சொட்டும், பூசணம் அங்கேதான் ஆரம்பிக்கும். அரைமணி திறந்து வைத்து ஆறியபின் மூடுங்கள்.

ராத்திரி ரயில். சாயங்காலம் டவுன் போய் அல்வா வாங்கிட்டு வர முடியுமா?

8 மணிக்கு மேல் கிளம்பும் ரயில் என்றால் முடியும். 4:30-க்கெல்லாம் கீழ ரத வீதியில் நில்லுங்கள், 6:30-க்கு அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். சாதாரண நாளில் ஜங்ஷனுக்கு 15 நிமிடம், வெள்ளிக்கிழமையும் முகூர்த்த நாளும் என்றால் அதுவே அரைமணிக்கு மேல். வரிசை நகரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். ஜங்ஷனிலேயே அல்வா இருக்கிறது, பார்த்து வாங்கும் விதம்தான் மேலே சொன்னோமே. காலை வந்தே பாரத்தில் போகிறவர்கள் முந்தின நாள் மாலையே வாங்கிவிட வேண்டும். பொட்டலத்தை நிமிர்த்தி வையுங்கள், அடியில் நாலு மடிப்புச் செய்தித்தாள். சீட்டுக்கு அடியில் தள்ளினால் எறும்புக்கு விருந்து.

அப்பாவுக்குச் சுகர். கருப்பட்டி அல்வா வாங்கலாமா?

ருசிக்காக வாங்கலாம், சுகருக்காக வேண்டாம். கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான், ரத்தத்தில் ஏறத்தான் செய்யும். அவருக்குக் காராச்சேவும் கல்லிடைக்குறிச்சி அப்பளமும் வாங்கிப் போங்கள், ரத்த அழுத்தம் இல்லை என்றால்.

குடிக்க என்ன விசேஷம்? ஜிகர்தண்டா நல்லா இருக்குமா?

கிடைக்கும், ஆனால் அது மதுரைச் சரக்கு. இங்கே கோடையில் குடிக்க வேண்டியது பதநீர். தை கடைசியில் தொடங்கி ஆனி, ஆடி வரை. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி இறக்குவதால்தான் அது புளித்துக் கள்ளாகாமல் நிற்கிறது. அப்படியும் வெயில் ஏற ஏற மாறும். காலை 9 மணிக்குள் குடியுங்கள். 11 மணிக்கு ரோட்டோரம் விற்பதை ஒரு வாய் சுவைத்துப் பார்த்து, நாக்கில் சுருக்கென்றால் வைத்துவிடுங்கள். வெறும் இனிப்பாக, பனை வாசனையே இல்லாமல் இருந்தால் தண்ணீரும் சாக்கரினும். பனையோலைப் பட்டையில் நுங்கு போட்டு வாங்கிக் குடித்தால் பாதிச் சாப்பாடு முடிந்தது.

பருவம் இல்லாதபோது நன்னாரி சர்பத். எலுமிச்சையைக் கண்ணெதிரே பிழியச் சொல்லுங்கள். மழைக்காலச் சாயங்காலத்துக்குச் சுக்குக் காப்பி.

கருப்பட்டி அசலான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடியிலிருந்து வருவதற்குப் பேர் அதிகம். பேர் அதிகமானதால் கலப்படமும் அதிகம். உடைத்துப் பாருங்கள். அசல் உள்ளே மங்கலாக, பொடிப்பொடியான மணலைப் போல இருக்கும். பளபளவென்று படிகம் மின்னினால் சீனி கலந்தது. நாக்கில் முதலில் இனிப்பும் பின்னால் லேசான உப்பும் தெரிய வேண்டும். கரைத்தால் அடியில் தூசி, மண் நிற்பது சகஜம், அதற்காகப் போலி என்று எறிந்துவிடாதீர்கள். வடிகட்டினால் சரி. மழைக்காலத்தில் வேர்த்து ஒழுகும், அதனால் ஒரு வருஷத்துக்கு வேண்டியதைக் கோடையிலேயே வாங்கி மண்பானையில் கட்டிவைப்பார்கள்.

அசைவம் எங்க? பரோட்டா எங்க?

ரத வீதியில் தேட வேண்டாம். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, பாளை, மேலப்பாளையம் பக்கம் போங்கள். பிரியாணிக்கு மேலப்பாளையம், மதியம் 2 மணிக்குள். செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டர் பரோட்டா தென்காசி மாவட்டத்தில், இங்கிருந்து ஒன்றரை மணி நேரத்துக்கு மேல். குற்றாலம் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள். இங்குள்ள கடைகளில் கல்லில் வேகும்போதே தட்டி அடுக்கும் பரோட்டாவைப் பார்த்து உட்காருங்கள். அடுக்கிவைத்துப் போர்த்தியதை எந்தச் சால்னாவும் இளக்காது.

கல்யாணச் சேலைக்கு டவுனா, வண்ணார்பேட்டையா?

1924-ல் டவுனில் தொடங்கிய ஆரெம்கேவிக்கு இப்போது வண்ணார்பேட்டையிலும் பெரிய கடை இருக்கிறது. போத்தீஸ் வடக்கு ரத வீதியில். ஏசி, லிப்ட், கார் நிறுத்தம் வேண்டும் என்றால் வண்ணார்பேட்டை. ஒரே நடையில் பத்துக் கடை பார்க்க வேண்டும் என்றால் டவுன். பட்டு என்றால், அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அன்றாடம் உடுத்த வீரவநல்லூர் கைத்தறிப் பருத்தி நன்றாக உழைக்கும். முதல் இரண்டு முறை தனியாக, குளிர்ந்த நீரில் உப்புப் போட்டு அலசுங்கள். ஆடித் தள்ளுபடியில் முகூர்த்தப் பட்டு எடுக்க வராதீர்கள். கூட்டத்தில் சேலையை விரித்துப் பார்க்கவே இடமிருக்காது.

சீர்ப் பாத்திரம் வாங்கணும். எடையில ஏமாத்துவாங்களா?

பித்தளையும் வெண்கலமும் எடைக்குத்தான் விற்கிறார்கள். மூடியோடு ஒரு தடவை, மூடியில்லாமல் ஒரு தடவை நிறுக்கச் சொல்லுங்கள். குத்துவிளக்கென்றால் தண்டைக் கழற்றி உள்ளே ஈயமோ மெழுகோ நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். வெண்கலப் பானையை விரல் முட்டியால் தட்டினால் நாதம் நீண்டு அடங்கும். சட்டென்று நின்றால் விரிசல் இருக்கும், அல்லது அது வெண்கலமே இல்லை. பித்தளையில் புளி சேர்த்துச் சமைப்பதென்றால் உட்புறம் ஈயம் பூசியிருக்க வேண்டும், இல்லையென்றால் களிம்பேறும். பூசும்போது சுத்தமான வெள்ளீயமா என்று கேளுங்கள், காரீயம் விஷம்.

பத்தமடைப் பாய் டவுன்லயே வாங்கலாமா, ஊருக்கே போகணுமா?

சாதாரணப் பாய் டவுனிலேயே கிடைக்கும். மெல்லிய பட்டுப்பாய், அல்லது மணமக்கள் பெயர் நெய்த கல்யாணப்பாய் என்றால் பத்தமடைக்கே போங்கள். சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், இருபது கிலோமீட்டர் சொச்சம். பெயர்ப்பாய்க்கு மாதக்கணக்கில் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். கோரையைக் கீறி, ஊறவைத்து, காயவைத்து, சாயம் தோய்த்து நெய்கிற வேலை. முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் போய் அவசரப்படுத்தினால் நடக்காது.

வாங்கும்போது பாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். கோரை நெருங்கி நின்று, ஓட்டை தெரியாமல் இருக்க வேண்டும். கையால் தடவினால் முள் போலக் குத்தக் கூடாது. நல்ல பட்டுப்பாய் துணி மாதிரி மடியும், ஆனாலும் வீட்டில் மடிக்காமல் சுருட்டியே வையுங்கள். ஈரத்தில் கிடந்தால் கரும்புள்ளி விழும், அது போகாது.

கடையில பேரம் பேசலாமா? எப்படிக் கூப்பிடணும்?

ஆணென்றால் "அண்ணாச்சி", பெண்ணென்றால் "அக்கா". வயது குறைந்தவரானாலும் அண்ணாச்சிதான். அல்வா, துணிக்கடையில் பேரம் கிடையாது. பாத்திரத்தில் எடை விலை குறையாது, கூலியைக் குறைப்பார்கள். பாய், நுங்கு, பழத்தில் பேசலாம். "பாத்துப் போட்டுக் குடுங்க அண்ணாச்சி" என்றால் பத்து ரூபாய் குறையும், இல்லாவிட்டால் ஒரு காய் கூடும்.

ஆனித் தேரோட்டம் அன்னைக்கு வந்தா கடை இருக்குமா?

தேர் நிலைக்கு வரும்வரை ரத வீதிகளில் வண்டி விட மாட்டார்கள். வடம் பிடிப்பவர்களும் பார்ப்பவர்களுமாக நாலு வீதியும் நிறைந்துவிடும், தேர் போகும் பாதையில் கடைகள் பாதிக் கதவைச் சாத்தியிருக்கும். ஷாப்பிங் நினைப்போடு வருகிறவர்கள் ஆனி மாதத்தில் அந்த ஒரு நாளைத் தவிர்த்து, இரண்டு நாள் கழித்து வாருங்கள். தேர் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் எடுத்துக்கொண்டு விடியற்காலையே வந்துவிடுங்கள். அல்வாவை ஜங்ஷனில் பார்த்துக்கொள்ளலாம்.